பருவத்தை எப்படி அளப்பது? பிரிஸ்டல் வளைகுடா ஆறுகளும் பெப்பிள் சுரங்கத் திட்டமும்

அலாஸ்காவின் தென்மேற்கில் பிரிஸ்டல் வளைகுடாவில் கலக்கும் ஆறுகளில் ஒவ்வொரு கோடையிலும் கோடிக்கணக்கான சாக்கை சால்மன் மீன்கள் எதிர்நீச்சல் போட்டு ஏறுகின்றன. உலகிலுள்ள சாக்கை சால்மனில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு வளைகுடாவைச் சேர்ந்தது. 2022இல் திரும்பி வந்தவை சுமார் 7.9 கோடி. அதில் 6 கோடியை மீனவர்கள் பிடித்த பிறகும், முட்டையிடப் போதிய மீன்கள் மேலே போய்ச் சேர்ந்தன. வளைகுடாவின் பெரிய ஆறுகளில் இரண்டு, நுஷகாக், க்விஜாக். இவ்விரண்டின் ஊற்றுக்கண்களும் நெருங்கி நிற்கும் மேட்டுநிலத்துக்கு அடியில் செம்பும் தங்கமும் மாலிப்டினமும் கலந்த பெரும் கனிமப் படிவம் கிடக்கிறது. 1980களின் பிற்பகுதியில் கொமின்கோ நிறுவனம் கண்டுபிடித்த அந்தப் படிவத்துக்குப் பெப்பிள் என்று பெயர்.

அங்கே சுரங்கம் வரலாமா என்ற சர்ச்சை இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. 2020 ஜூலையில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை வெளியிட்ட இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை, சுரங்கம் ஒழுங்காக இயங்கும்வரை மீன் எண்ணிக்கையில் அளவிடத்தக்க பாதிப்பு இருக்காது என்றது. அதே படை அதே ஆண்டு நவம்பரில், திட்டம் பொதுநலனுக்கு மாறானது என்று அனுமதியை மறுத்தது. 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ, தூய நீர்ச் சட்டத்தின் கீழ் தனக்குள்ள அரிதான அதிகாரத்தைப் பயன்படுத்தி, சுரங்கக் கழிவுகளை அந்த ஓடைகளில் கொட்டத் தடை விதித்தது.

ஏறக்குறைய ஒரே தரவுக் குவியலிலிருந்து இவ்வளவு மாறுபட்ட முடிவுகள் எப்படி வந்தன? அரசியல் ஒரு காரணம். வாஷிங்டனில் ஆட்சி மாறியபோது இந்தக் கோப்பும் திசை மாறியதுண்டு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் ஒரு வேறுபாடு மிஞ்சுகிறது. ஆற்றோர வாழிடத்தை ஒருவர் பரப்பாக அளக்கிறார், இன்னொருவர் பருவமாகப் பார்க்கிறார். கடந்த சில பத்தாண்டுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால், பரப்பை மட்டும் அளக்கும் முறை இத்தகைய ஆறுகளில் இழப்பைக் குறைத்தே காட்டும் என்ற முடிவுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது.

ஓர் ஆண்டின் ஓட்டம்

பனிக்காலத்தில் இந்த மேட்டுநிலத்துக்கு மேலாக விமானத்தில் பறப்பவருக்கு வெண்மையைத் தவிர எதுவும் தெரியாது. ஆனால் ஓடைகளின் சில இடங்களில் மட்டும் பனி மூடுவதில்லை. அங்கே நிலத்தடி நீர் கூழாங்கற்களுக்கு இடையே மேலெழும்பி வருகிறது. ஆண்டு முழுதும் அதன் வெப்பநிலை அதிகம் மாறாது. கோடை முடிவில் பெண் சால்மன் வாலால் பறித்த குழிகளில் இட்ட முட்டைகள், அந்த ஊற்றுநீரின் தயவில்தான் உறையாமல் குளிர்காலத்தைக் கடக்கின்றன.

வசந்தத்தில் குஞ்சுகள் கல்லிடுக்கிலிருந்து வெளிவருகின்றன. சாக்கை குஞ்சுகளில் பெரும்பாலானவை ஏரிகளில் ஓரிரு ஆண்டுகள் வளர்ந்து, மே, ஜூன் மாதங்களில் கடலுக்கு இறங்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் கடலில் கழித்துவிட்டு, பிறந்த ஓடையின் வாசனையைப் பிடித்துக்கொண்டே திரும்பி வரும். ஜூலை முதல் வாரத்தில் வரத்து உச்சத்தைத் தொடும்.

வளைகுடா முழுவதற்கும் வரத்து ஒன்றுதான் என்றாலும், முட்டையிடும் நாள் ஓடைக்கு ஓடை மாறுகிறது. குளிர்ந்த ஓடையில் முட்டை மெதுவாக முதிரும் என்பதால் அங்கே மீன்கள் முன்கூட்டியே இட்டுவிடும். வெதுவெதுப்பான ஏரிக்கரைகளிலும் ஏரியிலிருந்து புறப்படும் ஆறுகளிலும் தாமதமாகும். மீன் தின்னும் விலங்குகளுக்குத் தனி ஓடையில் விருந்து சில வாரங்களில் தீர்ந்துவிடும். படுகை முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது மாதக்கணக்கில் நீளும். வளைகுடாவின் வுட் ஆற்றுப் பகுதியில் நடந்த ஆய்வுகள், பழுப்புக் கரடிகளும் கடற்காகங்களும் இந்த அலையைத் துரத்திக்கொண்டு ஓடை ஓடையாக இடம் மாறுவதைக் காட்டியுள்ளன. குளிர்காலத் தூக்கத்துக்குத் தேவையான கொழுப்பைக் கரடி சேர்ப்பது, அடுத்தடுத்துத் திறக்கும் பல பந்திகளில்.

இதே வுட் ஆற்றுப் பகுதியின் சிற்றோடை ஒன்றில் ஆய்வாளர்கள் கவனித்த ஒரு காட்சி, வாழிடம் என்பது எவ்வளவு நுணுக்கமான ஏற்பாடு என்பதைச் சொல்லும். ஓடையின் கீழ்ப்பகுதி குளிர்ந்தது. சாக்கைகள் முட்டையிடுவது அங்கே. மேற்பகுதி சற்று வெதுவெதுப்பானது. ஆனால் அங்கே இரை இல்லை. விரலளவே உள்ள கோஹோ சால்மன் குஞ்சுகள் இரவில் கீழே இறங்கி, சிதறும் சாக்கை முட்டைகளை வயிறு புடைக்கத் தின்கின்றன. குளிர்நீரில் செரிக்காது. ஆகவே சில நூறு மீட்டர் முதல் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நீந்தி மேற்பகுதிக்குப் போய், வெதுவெதுப்பில் கிடந்து செரித்துவிட்டு மீண்டும் இறங்குகின்றன. முட்டையும் குஞ்சும் கண்ணில் படும் கீழ்ப்பகுதியை வாழிடம் என்று குறித்துவிட்டு, இரையில்லாத மேற்பகுதியை வெற்றிடம் என்று ஒதுக்கினால், அந்தக் குஞ்சுகளின் வாழ்வில் பாதி கணக்கிலேயே வராது.

செத்த மீனும் வீணாவதில்லை. அதே பகுதியின் ஹான்சன் ஓடையில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் இருபது ஆண்டுகள் மீன் எண்ணினார்கள். எண்ணியதையே மறுபடி எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் செத்த மீன்களை எப்போதும் ஒரே கரையில் வீசிவந்தார்கள். பிறகு இரு கரை மரங்களையும் ஒப்பிட்டபோது, மீன் விழுந்த கரையின் ஸ்புரூஸ் மரங்கள் வேகமாக வளர்ந்திருந்தன. கடலில் சேர்த்த நைட்ரஜனை மலையோரக் காட்டுக்கு மீனே சுமந்து வருகிறது.

க்விஜாக் புறப்படும் இலியம்னா ஏரியில் நன்னீரிலேயே ஆண்டு முழுதும் வாழும் சீல்கள் சில நூறு உண்டு. கோடையில் அவற்றுக்குச் சால்மன்; பனிக்காலத்தில் உறைந்த ஏரியின் வெடிப்புகளும் உள்ளூர் மீன்களும். கிழக்கே மக்நீல் ஆற்றுச் சரணாலயத்தில் கரடிகள் வசந்தத்தில் கடலோரக் கோரைப்புல்லை மேய்கின்றன. ஜூனில் சிற்றோடைச் சாக்கைக்கும், ஜூலையில் அருவியில் ஏறும் சம் சால்மனுக்கும் மாறுகின்றன. அந்த அருவியில் ஒரே நேரத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட கரடிகளை எண்ணியிருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஆண்டு மாறும் வளம்

ஓராண்டுக்குள் நடக்கும் இந்தச் சுழற்சியை நேரில் போய்ப் பார்க்கலாம். ஆண்டுகளுக்கு இடையே நடக்கும் மாற்றம் நீண்டகாலக் கணக்குகளில் மட்டுமே தெரியும். வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1940களிலிருந்து இங்கே சால்மனைக் கணக்கெடுத்து வருவதால் அது சாத்தியமாயிற்று.

க்விஜாக் ஒரு காலத்தில் வளைகுடா மீன்பிடியையே தாங்கி நின்ற ஆறு. 1990களின் பிற்பகுதியில் அது சரிந்தது. ஆனாலும் மீன்பிடி படுத்துவிடவில்லை. முன்பு சிறிதாக இருந்த எகெகிக் போன்ற ஆறுகள் ஈடுகொடுத்தன. பின்னர் நுஷகாக் தலையெடுத்தது. டேனியல் ஷிண்ட்லரும் ரே ஹில்பார்னும் சக ஆய்வாளர்களும் ஐம்பது ஆண்டுத் தரவை அலசி 2010இல் நேச்சர் இதழில் வெளியிட்ட கட்டுரை இதற்கு எண் வடிவம் கொடுத்தது. வளைகுடாவில் இருப்பவை நூற்றுக்கணக்கான தனித்தனி மீன்கூட்டங்கள். எல்லாம் ஒரே கூட்டமாக இருந்திருந்தால் ஆண்டு வரத்தின் ஏற்ற இறக்கம் இப்போதுள்ளதைப் போல் இரு மடங்குக்கு மேலாகியிருக்கும். மீன்பிடியை அடியோடு மூடவேண்டிய ஆண்டுகள் பத்து மடங்காகியிருக்கும். மானாவாரி விவசாயி மேட்டில் கம்பும் பள்ளத்தில் நெல்லும் போட்டு, மழை எப்படிப் போனாலும் ஒன்றாவது வீடு வந்து சேரும்படி பார்த்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடு இது.

2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஷான் பிரென்னன் குழுவின் ஆய்வு இன்னும் கிட்டே போய்ப் பார்த்தது. மீனின் தலைக்குள் இருக்கும் செவிக்கல், மரத்தின் ஆண்டு வளையம்போல் அடுக்கடுக்காக வளரக்கூடியது. மீன் எந்த நீரில் இருந்ததோ அந்த நீரின் ஸ்ட்ரான்ஷியம் தடயம் அந்தந்த அடுக்கில் பதிந்துவிடும். பாறை வகை மாறினால் தடயமும் மாறும். ஆகவே கடலிலிருந்து திரும்பும் மீனின் செவிக்கல்லை அறுத்துப் பார்த்தால், குஞ்சுப் பருவத்தை அது நுஷகாக் படுகையின் எந்தக் கிளையில் கழித்தது என்று சொல்லிவிடலாம். இப்படிச் சினூக், சாக்கை ஆகிய இரண்டு சால்மன் வகைகளையும் ஆராய்ந்ததில், அதிக மீன் உருவாக்கும் பகுதி ஆண்டுக்கு ஆண்டு படுகைக்குள் இடம் மாறுவது தெரிந்தது. ஓராண்டில் மேல்கிளைகள் கொழிக்கின்றன. வேறோர் ஆண்டில் மற்றொரு மூலை.

மீனுக்கு மட்டும் உரிய குணமன்று இது. நுஷகாகின் கிளையாறான முல்சட்னாவின் பெயரைத் தாங்கிய கரிபு மான்கூட்டம் 1990களின் நடுப்பகுதிக்குப் பின் சுமார் 2 லட்சமாகப் பெருகியது. பிறகு சரிந்து, 2019 வாக்கில் 13,000 அளவுக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதன் மேய்ச்சல் எல்லையும் கன்று ஈனும் இடங்களும் மேற்கே நகர்ந்தன. கூட்டம் பெருகியிருந்த காலத்தில் எடுத்த கணக்கும் சரிந்தபின் எடுத்த கணக்கும் ஒரே நிலத்தைப் பற்றி வேறுவேறு கதை சொல்லும்; இரண்டுமே அந்தந்த ஆண்டுக்கு உண்மை.

திட்டம் சொன்னது என்ன

நார்தர்ன் டைனஸ்டி மினரல்ஸ் என்ற கனடிய நிறுவனம் 2001இல் பெப்பிள் உரிமைக்குள் வந்தது. கூட்டாளியாக நுழைந்த ஆங்கிலோ அமெரிக்கன் 2013இல் வெளியேறியது. ரியோ டின்டோ தன் பங்குகளை 2014இல் அலாஸ்காவின் அறக்கட்டளைகளுக்குக் கொடுத்துவிட்டு விலகியது. அதே ஆண்டு அலாஸ்கா வாக்காளர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர், இப்பகுதியில் பெரிய உலோகச் சுரங்கத்துக்குச் சட்டமன்ற ஒப்புதல் வேண்டும் என்று வாக்களித்தார்கள். 2017 டிசம்பரில் நிறுவனம் அளித்த விண்ணப்பம், முன்பு பேசப்பட்டதைவிடச் சிறிய, 20 ஆண்டுத் திறந்தவெளிச் சுரங்கத்துக்கானது. படிவத்தின் ஒரு பகுதியை மட்டுமே அது தோண்டும். ஆனால் 2020 செப்டம்பரில் வெளியான ரகசியப் பதிவுகளில் நிர்வாகிகள் அதற்கு மேலும் விரிவாக்கம் வரும் என்று பேசியது தெரியவந்து, தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

சுரங்கக் குழி, கழிவுச் சேற்றைத் தேக்கும் அணைகள், குக் கழிமுகத்துக்குச் சாலை, துறைமுகம், நீர் சுத்திகரிப்பு எல்லாம் சேர்ந்ததுதான் திட்டம். தாது சல்பைடு வகை. காற்றும் நீரும் பட்டால் அமிலம் ஊறும். குழி மூடிய பிறகும் கழிவைக் காப்பதும் நீரைச் சுத்திகரிப்பதும் காலவரையறை இல்லாத வேலை.

இந்தத் திட்டத்தால் நேரும் இழப்பை இபிஏ இவ்வாறு கணக்கிட்டது: சால்மன் வருவதாகப் பதிவாகியுள்ள ஓடைகளில் சுமார் 13.7 கி.மீ., அவற்றுக்கு நீரூட்டும் மற்ற ஓடைகளில் சுமார் 147 கி.மீ., ஏறக்குறைய 850 ஹெக்டேர் ஈரநிலம். இவை தவிர சுமார் 47 கி.மீ. ஓடைகளில் நீரோட்டம் 20 சதவீதத்துக்கு மேல் மாறும்.

கணக்கில் சிக்காத நீர்

திட்ட ஆதரவாளர்களின் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. வளைகுடாவின் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடைகளில் 13.7 கி.மீ. என்பது கொசுறு. இந்த வகுத்தல் கணக்கில் பிழையில்லை. அது எடுத்துக்கொண்ட அனுமானங்களில் மூன்று கோளாறுகள் உண்டு.

முதலாவது, பதிவான நீளம் என்பது தேடிப் பார்த்த நீளம்தான். அலாஸ்கா மாநிலத்தின் கடலேறு மீன் நீர்நிலைப் பட்டியலில் ஓர் ஓடை இடம்பெற வேண்டுமானால், யாராவது போய் மீனைப் பார்த்துப் பதிவு செய்திருக்க வேண்டும். போகாத ஓடை பட்டியலில் இல்லாத ஓடை. பெப்பிளைச் சுற்றியுள்ள தலைநீர்ச் சிற்றோடைகளில் பின்னர் நடந்த தேடல்களில், பட்டியலில் இல்லாத இடங்களிலும் சால்மன் குஞ்சுகள் கிடைத்தன.

இரண்டாவது, நீர் வரைபடக் கோட்டை மதிப்பதில்லை. நுஷகாக் பக்கத்துத் தென் கோக்டுலி ஓடையின் ஒரு பகுதியில் நீர் தரைக்குள் இறங்கிவிடும். ஆண்டில் சில காலம் அந்தப் படுகை வறண்டே கிடக்கும். இறங்கிய நீரில் ஒரு பங்கு மேட்டைக் கடந்து, க்விஜாக் பக்கத்து மேல் டலாரிக் ஓடையில் ஊற்றாக வெளிப்படுகிறது. நுஷகாக் படுகையில் வறண்ட படுகையாகத் தெரிவது, க்விஜாக் படுகையில் முட்டைகளை உறையாமல் காக்கும் நீரின் வழி. வறண்ட மாதத்தில் போய்ப் பார்ப்பவர் அதைப் பயனற்றது என்று எழுதினால் அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவரை அந்த மாதத்தில் அனுப்பிய முறையைத்தான் சொல்லவேண்டும்.

மூன்றாவது, நஞ்சு நீளத்தைப் பொறுத்து வேலை செய்வதில்லை. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் கரைந்த செம்பு கூடினாலே சால்மனின் மோப்பத்திறன் மங்கும் என்பது ஆய்வகங்களில் நிறுவப்பட்டது. வாசனையால் ஊர் திரும்பும் மீனுக்கு அது வழியையே அடைப்பதாகும். அணை உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஆகஸ்ட் 4 சாட்சி. அன்று பிரிட்டிஷ் கொலம்பியாவில் மவுண்ட் பாலி சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, சுமார் 2.5 கோடி கன மீட்டர் சேறும் நீரும், சாக்கை வளரும் கெனல் ஏரியை நோக்கிப் பாய்ந்தன.

‘அளவிடத்தக்க’ என்ற அளவுகோல்

2020 அறிக்கையின் மையச் சொல் ‘அளவிடத்தக்க பாதிப்பு’. இதை நிறுத்தி நிதானித்துப் பார்க்கவேண்டும். இயல்பாகவே பல கோடிகள் ஏறி இறங்கும் வரத்தில், ஒரு கிளையின் சில மீன்கூட்டங்கள் அழிந்தால் அது மொத்த எண்ணிக்கையில் தென்படாது. ஏற்ற இறக்கத்தின் இரைச்சலுக்குள் அது மறைந்துவிடும். தென்படாதது நிகழாதது ஆகாது. ஷிண்ட்லர் குழுவின் கணக்குப்படி பார்த்தால், பன்மை குறைவதன் விலை நல்ல ஆண்டில் தெரியவே தெரியாது. மற்ற ஆறுகள் சரிந்து, முன்பு கைகொடுத்த கிளை கைகொடுக்காமல் போகும் ஆண்டில்தான் அது கேட்கப்படும். இபிஏவின் இறுதி முடிவு கிலோமீட்டர் கணக்கோடு நிற்காமல் இந்தப் பன்மை வாதத்தையும் சேர்த்துக்கொண்டது. பொறியாளர் படை அறிக்கைக்கும் அதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு அதுவே.

நிறுவனம் ஆய்வே செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். அது 2004 முதல் பல ஆண்டுகள் தொகுத்த அடிப்படைத் தரவு பல்லாயிரம் பக்கம் ஓடுகிறது. பக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான்கைந்து ஆண்டுத் தரவு, பத்தாண்டுக் கணக்கில் இடம் மாறும் வளத்தின் ஒரு துண்டையே பிடிக்கும்.

மறுபக்கத்தின் நியாயங்கள்

எதிர்ப்பாளர்கள் எளிதில் கடந்துபோகும் சங்கடங்களும் உண்டு. முதலாவது வேலை. இலியம்னாவைச் சுற்றிய சிற்றூர்களில் ரொக்கச் சம்பளம் தரும் வேலை மிகக் குறைவு. எரிபொருள் விலை அதிகம். மீன்பிடி உரிமங்கள் 1970களில் விற்கத்தக்கவையாக ஆன பிறகு, அவற்றில் கணிசமானவை உள்ளூர்க் கைகளைவிட்டுப் போய்விட்டன. பிரிஸ்டல் வளைகுடாவின் மீன்வளம் உலகப் புகழ் பெற்றது. அதன் பணம் எல்லாம் அங்கேயே தங்குவதில்லை. சுரங்கத்தை ஆதரித்த உள்ளூர்க்காரர்களை விலைபோனவர்கள் என்று தள்ளுவது அவர்களின் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் பேசுவதாகும்.

இரண்டாவது செம்பு. காற்றாலைக்கும் மின்வாகனத்துக்கும் மின்கம்பிக்கும் அது வேண்டும். ஓரிடத்தில் மறுத்தால் வேறோர் ஆற்றங்கரையில் தோண்டுவார்கள் என்பது வெறும் சாக்கு அல்ல. மூன்றாவது, சுரங்கம் வராமலேயே சரிவுகள் நடக்கின்றன. நுஷகாகின் சினூக் வரத்து அண்மை ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. கரிபு சரிந்ததற்குச் சுரங்கம் காரணமில்லை. 2019 கோடை வெப்பத்தில் அலாஸ்காவின் சில ஆறுகளில் சால்மன்கள் முட்டையிடும் முன்பே செத்து மிதந்தன.

முதல் இரண்டும் கொள்கை அளவில் எடைபோடவேண்டியவை. மீன் ஆய்வால் அவற்றுக்கு விடை சொல்ல முடியாது. மூன்றாவது, திட்டத்துக்கு எதிராகவே திரும்புகிறது. நீர் வெப்பமடையும் காலத்தில் எந்த ஓடை தாக்குப்பிடிக்கும் என்று இன்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. அப்படியானால் குளிர்ந்த ஊற்றுநீர் உள்ள தலைநீர் ஓடைகள் கையிருப்பாக இருக்கவேண்டியவை.

வேட்டைக்கும் மீனுக்கும் பருவம் பார்த்தே வாழும் டெனாய்னா, யூப்பிக் மக்கள் இந்த ஆறுகளை இப்படித்தான் பயன்படுத்தி வருகிறார்கள். ஜூலையில் மீன் முகாமும் புகைக் குடிலும், ஆகஸ்டில் பெர்ரி, செப்டம்பரில் மூஸ் மான், வசந்தத்தில் நீர்ப்பறவை. ஓர் ஆண்டு ஒன்று பொய்த்தால் மற்றொன்று. 2010இல் இபிஏவை இந்த விவகாரத்துக்குள் இழுத்தது ஆறு பழங்குடி அரசுகளின் மனுதான்.

இந்தியாவில் அளக்கும் முறை

இந்தக் கேள்வி அலாஸ்காவோடு நிற்பதில்லை. இந்தியாவில் சுரங்கத் திட்டங்களின் தாக்க மதிப்பீட்டுக்கு ஒன்றிய அரசு வகுத்த வழக்கமான ஆய்வு வரையறை, மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் அடிப்படைத் தரவைக் கேட்கிறது. தாவரம், விலங்கு, நீரின் தரம் எல்லாம் இதில் அடங்கும். நம் ஆறுகளின் உயிர்வாழ்வில் பெரும்பங்கு மழையோடு பிணைந்தது. மீன்கள் முட்டையிட ஏறுவதும், தவளைகள் பெருகுவதும், வெள்ளச் சமவெளிகள் நாற்றங்காலாவதும் மழையில்தான். சம்பல் ஆற்றின் கரியல் முதலை மார்ச், ஏப்ரலில் மணல்திட்டில் முட்டையிட்டு, மழை தொடங்கும் முன்பே குஞ்சு பொரித்துவிடுகிறது. டிசம்பரில் போய்ப் பார்ப்பவருக்கு அந்தத் திட்டு அள்ளிப்போகக் காத்திருக்கும் வெறும் மணல். நுஷகாகுக்கு நான்கைந்து ஆண்டுத் தரவே போதாது என்று விவாதம் நடக்கும்போது, நமக்கு ஒரு பருவம் போதும் என்று விதி எழுதப்பட்டிருக்கிறது.

எதைக் கேட்கவேண்டும்

2023 தடையை எதிர்த்து நார்தர்ன் டைனஸ்டியும் அலாஸ்கா மாநிலமும் 2024இல் வழக்குத் தொடுத்தன. தடை நின்றாலும் விழுந்தாலும் படிவம் அங்கேயேதான் இருக்கும். செம்பின் தேவை கூடும்போது வேறு பெயரில் வேறு விண்ணப்பம் வரலாம். ஆகவே இந்தச் சர்ச்சையின் நிலைத்த பயன் தீர்ப்பைவிட முறையில்தான் இருக்கிறது. ஆற்றோரச் சுரங்கம் எதுவானாலும் மூன்று கேள்விகளுக்கு விடை வரும்வரை ‘பாதிப்பு சிறிது’ என்ற சொல்லை ஏற்கக்கூடாது. எந்தெந்த மாதங்களில் பார்த்தீர்கள்? இன்று வளம் குறைவாகத் தெரியும் பகுதி முந்தைய மோசமான ஆண்டுகளில் என்ன செய்தது? நிலத்தடியில் இந்த நீர் எங்கே போய் வெளிப்படுகிறது?

இவற்றுக்கு விடை தேட ஆண்டுகள் ஆகும், செலவும் ஆகும் என்பது உண்மை. அந்தச் செலவு விண்ணப்பதாரருடையது. இருபது ஆண்டு வருமானத்துக்காகக் காலவரையறை இல்லாத கழிவை ஓர் ஆற்றின் தலையில் வைக்க அனுமதி கேட்பவர், அந்த ஆற்றை நல்ல ஆண்டிலும் கெட்ட ஆண்டிலும் பார்த்துவிட்டு வரட்டும் என்று சொல்வது வளர்ச்சிக்கு எதிரான பேச்சு ஆகாது. எந்தக் கடன்காரரிடமும் வங்கி கேட்கும் குறைந்தபட்சக் கணக்கு அது.